ஐந்து பேருக்கான வீடு

"அவங்கள எழுப்ப வேணாம், தூங்கட்டும்," என்றார் அவர், வாசலில் ஒற்றைக் காலில் நின்று ஷூவுக்குள் குதிகாலைத் திணித்தபடி. "நான் பாத்துட்டேன். வேலைக்குப் போன உங்க வீட்டுக்காரரோட சேத்து அஞ்சு பேர். எல்லாம் சரியா இருக்கு."

"யாரை எழுப்ப வேணாம் சார்?"

"உங்க அக்காவத்தான். நான் எட்டிப் பாத்ததும் ஒரு தடவை கண்ணத் தொறந்தாங்க. செக்கச்செவேல்னு இருக்கு. நல்ல காய்ச்சல் போல. நாளைக்கு, நாளான்னைக்குன்னு இழுக்காம டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அவள் தலையை ஆட்டினாள். லிப்டுக்குக் காத்திராமல் ஆறு மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் நெஞ்சுக்குள் அடங்கவில்லை. தோளில் பை, ஒரு கையில் காய்கறி, மறு கையின் விரலிடுக்கில் சாவி. வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து சரிபார்க்க வந்தவர் அவர். முன்கூட்டிச் சொல்லாமல்தான் வருவோம் என்று சாவி கொடுத்த அன்றே எச்சரித்திருந்தார்கள். அட்டையில் செருகியிருந்த படிவத்தில் கடைசியாக ஒரு கையெழுத்துப் போட்டு, நகலைக் கிழித்து அவள் கையில் வைத்துவிட்டு, லிப்டை நம்பாத மனிதர் போலப் படியிலேயே இறங்கினார். ஷூச் சத்தம் ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்து, கீழே எங்கோ ஒரு கதவு அடிபட்டு நின்றது.

அவளுடைய அக்கா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

கூடத்தில் மகள் மேசை முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. ஆறு வயதுத் தம்பி தரையில் ஒரு பாத்திர மூடியைச் சுழலவிட்டு, அது சோர்ந்து விழும்போதெல்லாம் கைதட்டினான். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யாராவது வந்தால் போர்வைக்குள் இரண்டு தலையணையை வைத்துவிடலாம் என்று கணவன் ஒருநாள் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். மகள் உண்மையாகவே செய்துவிட்டாள் போலிருக்கிறது.

"தலகாணிய வச்சியா?"

"எங்க?"

"பெரியம்மா கட்டில்ல."

"நான் ஒண்ணுமே வைக்கலம்மா. பெரியம்மா வேலைக்குப் போயிருக்காங்கன்னு நீ சொல்லிக் கொடுத்ததச் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரே எட்டிப் பாத்துட்டு, 'சத்தம் போடாத'ன்னு என்கிட்ட சொல்லிட்டு வந்துட்டாரு."

அவள் காய்கறியைக் கீழே வைக்காமலே உள்ளறைக்குப் போனாள். சுவரோரம் அக்காவின் கட்டில். காலையில் ஐந்து மணிக்கு அவள் இழுத்து விரித்த வெள்ளை விரிப்பு, நான்கு மூலையும் ஓட்டல் முறைப்படி மடித்துச் செருகியது செருகியபடி, தட்டினால் சத்தம் வரும் போல விறைப்பாகக் கிடந்தது. கட்டிலின் மேல் எதுவும் இல்லை. ஆனால் மேற்குப் பார்த்த அந்த அறையில், நாள் முழுக்க வெயில் வாங்கிய சிமெண்டு வாசனையோடு, இன்னொரு வாசனையும் மெலிசாக நின்றது. பழைய வீட்டின் ஈரச் சுவரும் தலைவலித் தைலமும் கலந்த வாசனை. தைலப் புட்டியை அவள் பழைய வீட்டிலேயே குப்பையில் போட்டிருந்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். திரும்பி வரும்போது, ஏனென்று தெரியாமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

*

அந்த ஊர் முழுக்க வந்து போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டிருந்தது. ஜன்னல் திறந்தால் கடல் தெரிகிற எல்லாக் கட்டடமும் ஓட்டல். அவற்றின் பாத்திரம் கழுவுகிறவர்களும் தரை துடைக்கிறவர்களும் எங்கே தூங்குகிறார்கள் என்பதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவள் ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். கணவன் தண்ணீர்க் கேன் வண்டி ஓட்டினான். அக்கா, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், ஒரு பெட்டிக் கம்பெனியில் அட்டை மடித்தாள். மூன்று பேரின் சம்பளமும் சேர்ந்து ஒரே ஓர் அறையைத்தான் பிடிக்க முடிந்தது. அந்த அறையின் வடக்குச் சுவரில் வருடம் முழுக்க ஈரம். சுவரோரம் படுக்கிற இடத்தை அக்கா எடுத்துக்கொண்டாள். "எனக்குத்தான் உடம்புல எண்ணெய் அதிகம், தண்ணி ஒட்டாது," என்பாள்.

அரசாங்கத்தின் குறைந்த வாடகை வீட்டுக்கு இரண்டு பட்டியல் இருந்தது. நான்கு பேர் வரை ஓர் அறை. அந்த வரிசை நகரவே நகராது. ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் இரண்டு அறை. அது கொஞ்சம் நகரும். அவர்கள் ஐந்து பேர். ஆறு வருடம் காத்திருந்தார்கள். அக்கா போன பிறகு ஐந்தாவது வாரம் கடிதம் வந்தது. குடும்பத்தில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. முப்பது நாள்தான் தாண்டிவிட்டதே, இனி சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம் என்று கணவன் கணக்குச் சொன்னான். ஆனால் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு "அஞ்சு பேர்தானே?" என்று கேட்டபோது அவன் தரையைப் பார்த்தான். "ஆமா" என்று சொன்னது அவள்தான்.

அன்று மாலை கணவன் நகலை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தான். "ஐந்தாம் நபர்: உள்ளறையில், படுக்கையில். காய்ச்சல்." படித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தான்.

"அந்தாளு கண்ணுல ஏதோ கோளாறு. நமக்கென்ன, டிக் போட்டாச்சுல்ல," என்றான். "உங்கக்கா இருந்தப்போ எனக்கு ஒரு வேலையும் செஞ்சு கொடுத்ததில்ல. போன பிறகாவது செய்யட்டுமே."

"காய்ச்சல்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். எல்லோருக்கும் வருவதுதானே என்றான். 

*

விரிப்புகளை அவளுக்குத் தெரியும். பதினான்கு வருடமாகத் தெரியும். வண்டி வண்டியாக வந்து குவிகிற துணியில் ஒன்றை உதறினாலே, அதில் ஒருவர் படுத்தாரா இருவரா, நிம்மதியாகத் தூங்கினாரா புரண்டுகொண்டே கிடந்தாரா, கால் நீட்டிப் படுத்தாரா முடங்கிப் படுத்தாரா என்று சொல்லிவிடுவாள். சும்மா பெட்டி வைத்ததால் விழும் சுருக்கமும் ஆள் படுத்த சுருக்கமும் வேறு வேறு. காய்ச்சல்காரர் படுத்த விரிப்பு எல்லாவற்றிலும் தனி. நடுவில் வியர்வை காய்ந்து, ஓரம் மட்டும் உப்புப் பூத்த ஒரு வட்டம், ஒரு தீவின் வரைபடம் போல இருக்கும்.

மறுநாள் விடியற்காலை உள்ளறையில் மகள் தரையில் பாய்மேல் தூங்கிக்கொண்டிருந்தாள், தம்பி அவள் வயிற்றில் கால் போட்டிருந்தான். கட்டிலின் விரிப்பில் சுருக்கம் இருந்தது. தோள் அழுந்திய இடம் மேலே, குதிகால் அழுந்திய இடம் கட்டிலின் கடைசியில். பதினோரு வயதுப் பெண்ணின் நீளம் இல்லை அது. நடுவில் அந்த வட்டம். அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

சூடாக இருந்தது.

விரிப்பை உருவித் துவைத்துப் போட்டாள். அடுத்த நாளும் அதே வட்டம். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் விரிப்பே வேண்டாம் என்று மெத்தையை வெறுமனே விட்டாள். காலையில் போய்ப் பார்த்தபோது, அலமாரியில் அவள் பூட்டி வைத்திருந்த விரிப்பு கட்டில் மேல் விரிந்திருந்தது. மூலைகள் ஓட்டல் முறையில் இல்லை. துணியின் ஓரத்தைச் சுருட்டி மெத்தைக்கடியில் ஒரே குத்தாகக் குத்தியிருந்தது. அப்படி விரிக்காதே, சுருங்கிப் போகும் என்று அவள் வாழ்நாள் முழுக்க ஒருத்தியோடு சண்டை போட்டிருக்கிறாள்.

அன்று மாலை மகன் சமையலறைக்கு வந்து, ஒரு தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடு என்றாள். எனக்கில்லை என்றான் அவன், கொஞ்சம் எரிச்சலோடு, இது கூடவா தெரியாது என்பது போல.

"பெரியம்மாவுக்கு. சுடுதண்ணி வேணுமாம்."

அன்றைக்கே பிள்ளைகளின் பாயைக் கூடத்துக்கு மாற்றினாள். உள்ளறைக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டாள். கணவன் ஏன் என்று கேட்கவில்லை. அவனே நாலைந்து நாளாக அந்த அறைக்குள் போகாமல், சட்டைகளைக் கூடத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய இரண்டு அறை வீட்டில், நான்கு பேரும் பழையபடி ஒரே அறையில் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தார்கள். கொக்கி போட்ட கதவின் அந்தப் பக்கத்தில் கட்டில் அவ்வப்போது முனகியது. புரண்டு படுக்கிறவர்கள் வீட்டில் கேட்கிற சத்தம். வேறொன்றும் இல்லை.

*

ஓட்டலில் எல்லோரையும் மாடியை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடி என்றால், மூன்றாம் மாடி அறைகளைக் கூட்டித் துடைக்கிற பெண். வாயாடி. அழுக்கு விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு சலவைப் பிரிவுக்கு வந்தால் ஐந்து நிமிடம் நின்று பேசாமல் போகமாட்டாள். ஆறு வருடத்துக்கு முன் விண்ணப்பம் கொடுத்த வரிசையில் இவர்களுக்கு நேர் பின்னால் நின்றவள். பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒதுங்கிப் போன அரை மணி நேரம் அவளுடைய இடத்தைப் பிடித்து வைத்தது அக்கா. படிவத்தை நிரப்பித் தந்ததும் அக்காதான். அன்றைக்குக் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு வரிசை முழுக்க எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அக்கா போனதும் புது வீடு கிடைத்ததும் ஓட்டலில் யாருக்கும் தெரியாது.

"உங்கக்கா எப்படி இருக்காங்க?" என்றாள் மூன்றாம் மாடி, வண்டியின் கைப்பிடியில் சாய்ந்தபடி.

ரோலர் இஸ்திரியின் வாயில் விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க."

"கேட்டேன்னு சொல்லு. எங்க வீட்டுல இப்ப தூங்குறதுக்கே ஷிப்ட் போட்டாச்சு. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால ஒரு தடுப்பு, ஆறு பேரு. மாமியாருக்கு நைட் ஷிப்ட், அவங்க பகல்லதான் படுப்பாங்க. மாமனார் உக்காந்துட்டே தூங்கப் பழகிட்டாரு, மெடல் கொடுக்கலாம்." சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் குரல் இறங்கியது. மாதக் கடைசியில் அந்த இடத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். வீட்டுவசதி அலுவலகத்தில் போய்க் கேட்டாளாம். பட்டியலில் தனக்கு முன்னால் ஒரே ஒரு குடும்பம்தான் இருந்ததாம். கடைசியாகக் காலியான வீடு அவர்களுக்குப் போய்விட்டதாம். அடுத்த வீடு எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாதாம்.

"யாரோ நல்ல நேரக்காரங்க," என்றாள். "இருந்துட்டுப் போகட்டும், அவங்களும் கஷ்டப்பட்டவங்களாத்தான இருப்பாங்க. நீ உங்கக்காகிட்ட ஒண்ணு மட்டும் கேளு. அந்தப் படிவத்துல ஏதாவது விட்டுட்டோமா, இப்ப திரும்ப எழுதிப் போட்டா நடக்குமான்னு. அவங்க சொன்னா சரியா இருக்கும்."

"கேக்குறேன்."

விரிப்பு உருளைக்குள் போய்விட்டது. கையை எடுக்க வேண்டும் என்பது ஒரு கணம் தாமதமாகத்தான் அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு விரலின் நுனி வெந்தது. குழாய்த் தண்ணீருக்கடியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மூன்றாம் மாடி தன் துண்டை நனைத்து விரலில் சுற்றிவிட்டாள், மெதுவாக, ஊதி ஊதி. அந்த ஊதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் மனம் தானாகவே அந்த நான்கு மாதத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமைக்குப் போனது. போக வேண்டாம் என்று எவ்வளவு இழுத்தாலும், கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

ஒதுக்கீட்டுக்கு முந்திய கடைசிச் சரிபார்ப்பு அந்த வாரம் என்று தகவல் வந்திருந்தது. எந்த நாள் என்று சொல்லவில்லை. வரும்போது பெயர் கொடுத்த எல்லோரும் வீட்டில் கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சேர்த்துக்கொள்வார்கள், சேர்த்துக்கொண்டால் ஆள் வீட்டில் இருக்காது, ஆள் இல்லாவிட்டால் ஐந்து நான்காகும். கணவன் போகலாம் என்றுதான் சொன்னான். அவள்தான் செவ்வாய் வரை பார்க்கலாம் என்றாள். செவ்வாய் காலை அக்கா அவள் கையைப் பிடித்து, "குட்டி, என்னால முடியலடி, கூட்டிட்டுப் போயிடு," என்றாள். அக்கா எதற்கும் முடியவில்லை என்று சொன்னதே கிடையாது. அவள் சரி என்று சொல்லிவிட்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் புதன்கிழமை மத்தியானம் வந்தார்கள். முகத்தில் பவுடர் போட்டு, தலைவாரி, நாற்காலியில் உட்கார வைத்தபோது அக்காவின் உடம்பு அடுப்புப் போலக் கொதித்தது. வந்தவர்கள் ஐந்து தலையையும் எண்ணிக்கொண்டு போனார்கள். ஆறு நிமிடம்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாமே என்றாள் அங்கே இருந்த நர்ஸ். திட்டக்கூட இல்லை. சும்மா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அக்கா போய்விட்டாள்.

*

அந்த வாரக் கடைசியில் லிப்டின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. எல்லாக் குடியிருப்புகளிலும் வசிப்போரைப் புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்க்கப் போகிறார்கள். படத்தில் இல்லாதவரின் பெயர் நீக்கப்படும். பெயர் குறைந்து, வீட்டின் அளவுக்குப் பொருந்தாமல் போகும் குடும்பம் ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். வீடு பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போகும். ஆறாவது மாடிக்குச் சனிக்கிழமை மத்தியானம்.

அடுத்து இருப்பவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கணவனிடம் சொன்னாள். இறப்புச் சான்றிதழ் அரிசி டின்னுக்குப் பின்னால்தான் இருக்கிறது, எடுத்துக் கொடுத்துவிடலாம். சொல்லிவிட்டு எங்கே போவது என்று கேட்டான் அவன். கோபமாக இல்லை, உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி. பழைய அறைக்கு இப்போது இரண்டு மடங்கு வாடகை. பையன் நெஞ்சில் ஈரக்காற்றுச் சளி போய் இப்போதுதான் இரண்டு மாதம் ஆகிறது. மகள் முதல் தடவையாக ஒரு மேசையில் உட்கார்ந்து படிக்கிறாள்.

"நீ சொல்லு," என்றான் கடைசியில். "நீ எது சொன்னாலும் நான் நிக்கிறேன். என் வாயால சொல்ல வராது."

சாவி வாங்கிய அன்றும் நிற்கிறேன் என்றுதான் நின்றான்.

சனிக்கிழமை காலை முழுக்க அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்கும்போது, மகளுக்குத் தலைபின்னும்போது, உதட்டை அசைக்காமல். நாங்க நாலு பேர்தான் சார். நாலு பேர். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உள்ளறையில் ஏதோ ஒரு சத்தம் நின்று போவது போலவும், யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது போலவும் இருந்தது. சொல்லிவிட்டால் அந்த அறை காலியாகிவிடும் என்று அவள் உறுதியாக நம்பினாள். ஆள் இருக்கிறாள் என்று ஒவ்வொரு முறை சொன்னபோதும்தானே உள்ளே அந்தச் சூடு ஏறியது. சாவி வாங்கும்போது. ஓட்டலில். இங்கே.

மணி மூன்று. மேற்கு வெயில் சமையலறை ஜன்னல் வழியாகக் கூடத்துச் சுவரில் ஏறியிருந்தது. கீழ் மாடிகளில் கதவுகள் திறக்கும், ஆட்கள் சிரிக்கும், கதவுகள் மூடும் சத்தம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. பிறகு அந்த ஷூச் சத்தம்.

அதே மனிதர். கையில் படிவ அட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஒரு பெரிய கைப்பேசி. அவர் இனிமையானவர். அதுதான் கஷ்டமாக இருந்தது. மேசையை நகர்த்தச் சொல்லி, சுவரோரம் நால்வரையும் நிறுத்தினார். மகளின் தோளைத் தொட்டு, நன்றாகப் படிக்கிறாயா என்று விசாரித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அக்கா எங்க? வரச் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். வாக்கியம் நாக்கின் நுனியில்தான் இருந்தது.

"அவங்க..." என்றாள்.

"இன்னும் உடம்பு சரியாகலையா?" அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "படுக்கையில வச்சு எடுக்க விதி இல்லம்மா. எல்லாரும் ஒண்ணா இருக்கணும். வர முடியலன்னா நான் 'இல்லை'ன்னுதான் போடணும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல." பேனாவை எடுத்தார். கட்டத்தின் மேல் பிடித்தார். போடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவளுக்கு உதவி செய்ய விரும்புகிறவர் போல.

பேனா நுனி. மகளின் புத்தகம், மேசையில் விரித்தபடி. பையனின் காய்ந்த சட்டைகள். கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளறைக் கதவு கொக்கி போட்டபடி இருந்தது. அவள் பார்த்தாள். போட்டபடிதான் இருந்தது.

நாலு பேர்.

சொல்.

"அக்கா," என்று கூப்பிட்டது அவளுடைய குரல். சத்தமாக, தெளிவாக, சாப்பிடக் கூப்பிடுவது போல. "எந்திரிச்சு வாக்கா. போட்டோ எடுக்கணுமாம்."

முதலில் ஒன்றும் இல்லை. கீழே எங்கோ தண்ணீர் விழும் ஓசை.

பிறகு கட்டில்.

நீளமாக ஒரு முனகல், கையூன்றி எழுகிறவர்களின் கனம். கால் தரையில் பட்ட சத்தம். ஒன்று. வெகு நேரம் கழித்து இன்னொன்று. சுவரைத் தடவிக்கொண்டு வருகிற உள்ளங்கை. சொரசொரவென்று. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி சொரசொரவென்று.

அவள் முன்னால் மட்டும் பார்த்தாள். கணவனின் விரல்கள் அவள் முழங்கையில் இறுகின. கொக்கி தானாகத் தூக்கிக்கொள்ளும் சிறு இரும்புச் சத்தம் கேட்டது. ஈரச் சுவர் வாசனை. தைலம்.

மகள் ஓரடி நகர்ந்து இடம் விட்டாள்.

சூடு. இடது பக்கம், தோளிலிருந்து இடுப்பு வரை. ரோலர் வாய்க்குப் பக்கத்தில் நிற்பது போல. ஒரு மூச்சு. கரகரவென்று. பாதியில் நின்று, மீண்டும் முதலிலிருந்து.

பையன் நிமிர்ந்து மேலே பார்த்தான். முகத்தைக் கணவனின் காலில் புதைத்துக்கொண்டான்.

"வாங்க, வாங்க. மெதுவா," என்றார் அவர். "ரொம்ப சிரமப்படுத்திட்டேன். இதோ, ஆச்சு." கைப்பேசியை உயர்த்தினார். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடிக்குள், சுவரோரம் வரிசையாக நிற்கும் தலைகளை அவளால் எண்ண முடிந்தது. சின்னச் சின்னதாக. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்து.

ஐந்தாவது தலை நேராக நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பாரம் தாங்காமல், அவளுடைய தோள் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

அவர் கைப்பேசியைத் தாழ்த்தினார். திரையிலிருந்து கண்ணை எடுத்து, அவளுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அம்மா," என்றார் மெதுவாக, "அவங்களக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்களேன். விழுந்துடுவாங்க போல இருக்கு."